சிட்டுவின் பின்னங்காலும் என் நாக்கும்

காலை ஆறு இருபது. கதவைத் திறந்ததும் நான் முதலில் பார்த்தது ஒரு நாக்கு. நீளமான, இளஞ்சிவப்பு நாக்கு, நுனியில் ரத்தம். அதற்குப் பிறகுதான் நாக்குக்குச் சொந்தமான நாயையும், அது நக்கிக்கொண்டிருந்த பின்னங்காலையும், வாசலிலிருந்து குழாயடி வரை சிமெண்டுத் தரையில் போயிருந்த சிவப்புத் தடத்தையும் பார்த்தேன்.

நாயைப் பற்றி ஒன்றும் தெரியாதவனிடம் நாய் வந்து சேர்ந்தால் கஷ்டம் நாய்க்குத்தான் என்று பொதுவாக நினைப்பார்கள். என் விஷயத்தில் அந்தக் கஷ்டம் ஒரு வளவு முழுவதற்கும் பங்கிட்டுக் கொடுக்கப்பட்டது.

எழுபதுகளின் கடைசி. கோவில்பட்டியில் ஒரு நாளிதழுக்கு நிருபராக இருந்தேன். கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. நாங்கள் குடியிருந்தது ஒரு வளவு. ஒரே வெளிவாசலுக்குள் எதிரும் புதிருமாக வீடுகள், நடுவில் முற்றம், எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய். ஒரு வீட்டில் கடுகு தாளித்தால் மற்ற வீடுகளில் தும்முவார்கள்.

நாயின் பெயர் சிட்டு. கன்னி இனம். கறுப்பு உடம்பு, பழுப்புக் கால்கள், ஒட்டிய வயிறு. கரிசல் காட்டில் முயலுக்குப் பின்னால் ஓடுவதற்கென்றே அளவெடுத்துச் செய்தது போல இருக்கும். எங்கள் பக்கத்துச் சம்சாரிகளில் சிலர் கன்னி நாயை விலைக்குக் கொடுக்க மாட்டார்கள். பெண்ணைக் கட்டிக் கொடுக்கும்போது கட்டில், பாத்திரத்தோடு சீராக அனுப்புவார்கள். என் மாமனார் நாகலாபுரத்துக்குப் பக்கத்தில் மிளகாயும் பருத்தியும் போடும் சம்சாரி. மகளை என்னிடம் ஒப்படைத்தபோது, "பாத்துக்கிடுங்க மாப்ளே" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார். நாயை ஒப்படைத்தபோது கால்மணி நேரம் பேசினார். (நான் கவனிக்கவில்லை. பந்தியில் பாயசம் தீர்ந்துகொண்டிருந்தது.)

சீர் நாய்க்குப் புகுந்த வீட்டில் ஒரு குறை வந்தால், அது பெண்ணுக்கு வந்த குறையாகவே அங்கே எண்ணப்படும். நாய் செத்துவிட்டால் பெண்ணை அழைத்துப் போக வண்டி கட்டிக்கொண்டு வந்தவர்களும் உண்டு என்று கோமதி சொல்லியிருந்தாள். கோமதி என் மனைவி. அவள் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அன்று காலை ரத்தத்தைப் பார்த்தபோது அவள் சிரிக்கவில்லை.

"தீப்பெட்டி ஆபீஸ் செவரு ஏறிக் குதிச்சிருக்கு. செவத்து மேல பூரா கண்ணாடிச் சில்லுல்லா. ஏங்க, சனிக்கிழமை எங்கப்பா வாராவ. இதப் பாத்தா என்ன சொல்லுவாவ?"

(தீப்பெட்டி செய்யும் இடத்துக்கு எங்கள் ஊரில் ஆபீஸ் என்றுதான் பெயர். மற்ற ஆபீஸ்களை விட அங்கே வேலை அதிகம்.)

"சனிக்கிழமைக்குள்ள ஆறிரும்," என்றேன். "நாய் நாக்குல மருந்து இருக்கு. நக்கட்டும்."

எவ்வளவு உறுதியாகச் சொன்னேன் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்பாக இருக்கிறது. ஒரு செய்தியை இரண்டு பேரிடம் கேட்டு உறுதி செய்யாமல் எழுதக் கூடாது என்று பயிற்சி பெற்றவன் நான். இந்தச் செய்தியை யாரிடமும் கேட்கவில்லை. எல்லோரும் சொல்வதால் அது உண்மை என்று வைத்துக்கொண்டேன். சிட்டு இரவும் பகலும் நக்கியது. நான் பக்கத்தில் உட்கார்ந்து, "நல்லா நக்கு" என்று ஊக்கம் வேறு கொடுத்தேன்.

புதன்கிழமை அந்தக் காலைப் பிடித்துப் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்ணாடி கிழித்தது விரல் நீளக் கீறல்தான். இப்போது அங்கே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு முடி உதிர்ந்து, தோல் போய், பச்சைச் சதை பளபளத்தது. ஓரங்களில் சீழ். நாற்றம். கண்ணாடி செய்ததைவிட நாக்கு அதிகமாகச் செய்திருந்தது.

மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கே இருந்த கால்நடை டாக்டர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், என் வயதுதான் இருக்கும். காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எத்தனை நாளா நக்குது?"

"நாலு நாளா. நாய் நக்கினா புண் ஆறிடும்னு..."

"யார் சொன்னா?"

(எல்லோரும்தான். பெயர் சொல்லு என்றால் நான் எங்கே போவேன்?)

"நமக்கு இடிச்சுக்கிட்டா கையால தடவிக்கிறோம் இல்லையா? அதுக்குக் கை கிடையாது, நாக்குதான் கை. நக்கினா வலி கொஞ்சம் அடங்கும். மண்ணு, தூசு இருந்தா வழிச்சு எடுத்துடும். எச்சில்ல சில கிருமி சாகவும் செய்யும். அதெல்லாம் முதல் கொஞ்ச நேரத்துக்குச் சரி. ஆனா அதுக்கு நிறுத்தத் தெரியாது சார். அந்த நாக்கு உப்புத்தாள். மேல புதுசா ஒரு தோல் கட்டும், அதையும் உரிச்சுடும். உரிச்ச இடத்துல அது வாயில உள்ள அழுக்கு போகும். நிறுத்தறது நம்ம வேலை."

உப்புத் தண்ணீரில் கழுவி, மருந்து போட்டார். காலையும் மாலையும் இதேபோலக் கழுவச் சொன்னார். நக்கும்போது அடிக்கக் கூடாது, அடித்தால் ஒளிந்துகொண்டு நக்கும் என்றார். எல்லாம் எனக்குப் புரிந்தது. கடைசியாக ஒன்று சொன்னார்.

"கழுத்துக்கு ஒரு காலர் போட்டுடுங்க. நல்லா அகலமா, விறைப்பா இருக்கணும். ஆறிடும்."

காலர் என்றால் என்ன என்று நான் கேட்டிருக்கலாம். மந்திரிகளை மறித்து நிறுத்திக் கேள்வி கேட்டவன் நான். கேள்வி கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஆனால் ஏற்கெனவே ஒரு முறை முட்டாளாகிவிட்டதால், அதே மேஜைக்கு முன்னால் இன்னொரு முறை ஆக மனம் வரவில்லை. "சரிங்க டாக்டர், நல்ல காலராவே போட்டுடறேன்" என்று சொல்லிவிட்டு, சிட்டுவை வீட்டில் விட்டு, அதன் கழுத்தை அளந்துகொண்டு என் தையல்காரரிடம் போனேன்.

"ஒரு காலர் மட்டும் தைக்கணும்."

"பழைய சட்டைக்கா அண்ணாச்சி? கிழிஞ்சிட்டா?"

"சட்டை எல்லாம் இல்ல. நாய்க்கு..."

"நாய்க்காதா? அப்படித் தெளிவாச் சொல்லுங்க. இப்ப ஊரே அதத்தான கேக்கு!"

அந்த வருடங்களில் நாய்க்காது காலர்தான் நாகரிகம். சட்டைக் காலரின் இரண்டு முனைகளும் வேட்டை நாயின் காதுகளைப் போலத் தோளுக்கும் நெஞ்சுக்கும் நடுவே படுத்திருக்கும். கீழே யானைக்கால் பேண்ட். மனிதன் மேலே நாயாகவும் கீழே யானையாகவும் நடமாடிய காலம் அது.

"அகலமா, விறைப்பா இருக்கணும்," என்றேன், டாக்டர் சொன்னதைச் சொன்னபடியே.

"உள்ள ரெட்டைக் கான்வாஸ் வெச்சிருதேன். மழையில நனைஞ்சாக்கூட மடங்காது. கழுத்து?"

அளந்து வைத்திருந்ததைச் சொன்னேன். அவர் டேப்பைக் கீழே விட்டுவிட்டு என் கழுத்தைப் பார்த்தார். "என்ன அண்ணாச்சி, கல்யாணம் முடிஞ்சு இவ்வளவு மெலிஞ்சிட்டீங்க?"

வெள்ளிக்கிழமை சாயங்காலம் காலர் கைக்கு வந்தது. நீலக் கோடு போட்ட துணி. கழுத்தில் ஒரு பித்தான். நாய் வைத்தியத்துக்கு இது கொஞ்சம் ஆடம்பரமாகத்தான் தெரிந்தது. ஆனால் டாக்டர் சொன்ன அகலம் இருந்தது, விறைப்பு இருந்தது. அரசாங்க டாக்டரின் வைத்தியத்தைக் கேள்வி கேட்க நான் யார்? சிட்டுவின் கழுத்தில் மாட்டிப் பித்தானைப் போட்டேன்.

சிட்டு கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. பிறகு உட்கார்ந்தது. கன்னி நாயின் கழுத்து எவ்வளவு நீளம் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. காலருக்கு மேலே அந்தக் கழுத்தை வளைத்து, பின்னங்காலை நக்க ஆரம்பித்தது.

கோமதி கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். "முன்னயெல்லாம் சும்மா நக்கிச்சு. இப்ப கவுரவமா நக்குது."

விடிந்தால் மாமனார். அவளே ஒரு யோசனை சொன்னாள். "பிள்ளைக்குப் பால் மறக்கடிக்க வேப்பெண்ணெ தடவுவாவல்லா, அதக் கொஞ்சமாத் தடவிப் பாருங்க. புண்ணு மேல வேண்டாம். சுத்தி மட்டும்."

எளிய யோசனை. அதை நான் எளிமையாக விடவில்லை. வேப்பெண்ணெயின் கசப்பு போதாது என்று நிலவேம்புப் பொடியைச் சேர்த்தேன். வழிந்து ஓடாமல் முடியில் ஒட்டி நிற்க வேண்டுமே என்று துணி துவைக்கும் பார் சோப்பைச் சீவிப் போட்டு, ஒரு தேங்காய்ச் சிரட்டையில் களி போலக் குழைத்தேன். சனிக்கிழமை காலையில் அதைப் புண்ணைச் சுற்றி வரப்பு கட்டியது போலப் பூசினேன். சிட்டு முகர்ந்து பார்த்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது. வெற்றி என்று நினைத்தேன். மிச்சத்தைச் சிரட்டையோடு ஜன்னல் திட்டில் வைத்தேன்.

முதல் பஸ்ஸில் மாமனார் வந்தார். தோளில் துண்டு, தலையில் கம்பு நிறைந்த ஒரு பனையோலைப் பெட்டி. வெளிவாசலிலேயே சிட்டுவைக் கண்டுவிட்டார். பெட்டியை இறக்கக்கூட இல்லை.

"என்ன மாப்ளே இது! நாய்க்குச் சட்டை போட்டிருக்கீங்க?"

"சட்டை இல்ல மாமா. காலர். டாக்டர் போடச் சொன்னாரு."

"அப்ப மிச்சச் சட்டை எங்க?"

காயத்தின் கதையைச் சொன்னேன். புண்ணைக் குனிந்து பார்த்தவரின் முகம் இறுகியது. ஆனால் கோபம் என் மேல் வரவில்லை. டாக்டர் மேல் போனது.

"நாய நக்கக் கூடாதுன்னு சொன்னா அது எப்படிப் புண்ணு ஆத்தும்? படிச்சவனாம், சவம். இங்கன பாருங்க மாப்ளே, என் காலை."

செருப்பைக் கழற்றினார். பங்குனி வெயிலில் கரிசல் மண் எப்படிப் பாளம் பாளமாக வெடிக்குமோ அப்படி வெடித்திருந்தது குதிகால். ஒரு வெடிப்பில் ரத்தம் கசிந்தது.

"வருசா வருசம் இப்படித்தான். எங்க வீட்டு நாயிவ நக்கித்தான் நான் நடமாடுதேன். சிட்டு, வாம்மா."

சிட்டு வந்தது. வாலை ஆட்டியபடி அவருடைய குதிகாலை நக்கியது. அவர் கண்ணை மூடிக்கொண்டு முற்றத்தில் கிடந்த துவைகல்லில் உட்கார்ந்திருந்தார். நான் காபி வாங்கி வர உள்ளே போனேன்.

கோமதி டம்ளரை என் கையில் கொடுத்த நேரத்தில் வெளியே ஒரு சத்தம் கேட்டது.

"ஐயோ, நொர! நொர தள்ளுது!"

எதிர்வீட்டு ஞானமுத்து அண்ணாச்சியின் குரல். மில்லில் இரவு ஷிப்ட் முடிந்து வீடு திரும்பியவர், சைக்கிளைப் பிடித்தபடியே வெளிவாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார். நான் ஓடிவந்து பார்த்தேன். மாமனாரின் காலை நக்கிய ருசியில் சிட்டு தன் காலுக்கும் திரும்பியிருக்கிறது. வரப்பு முழுவதையும் வழித்து நக்கியிருக்கிறது. இப்போது தலையை உதறிக்கொண்டு முற்றத்தின் நடுவே நின்றது. கடைவாய் இரண்டிலும் வெள்ளை வெளேரென்று நுரை. அது நூல் நூலாக வழிந்து நீலக் கோட்டுக் காலரில் சொட்டியது.

இங்கே ஒரு விவரத்தைச் சொல்லியாக வேண்டும். இரண்டு வாரங்களுக்கு முன்னால்தான் எங்கள் நாளிதழில் வெறிநாய் பற்றி நான் ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வளவுக்கே பேப்பர் படித்துச் சொல்பவர் ஞானமுத்து அண்ணாச்சி. பைபிள் படிக்கிற குரலிலேயே பேப்பரையும் படிப்பார். அந்தக் கட்டுரையை அவர் இரண்டு முறை படித்தார், நான் கேட்டுக்கொண்டதால்.

"அண்ணாச்சி, அது வெறி இல்ல, சோப்பு!" என்று கத்தினேன்.

"சோப்பா? நாய் எதுக்குத் தம்பி சோப்பத் திங்கி? நீங்கதான எழுதியிருந்தீங்க, வாயில நொர வரும்னு. நடை தள்ளாடும்னு. அங்கன பாருங்க, நொண்டுது."

"அது கண்ணாடி குத்தி நொண்டுது!"

"ஒரே எடத்த விடாம நக்கும், கடிக்கும்னு போட்டிருந்தீங்க. ஒரு வாரமா நாங்களும் பாத்துக்கிட்டுத்தான இருக்கோம்."

கதவுகள் திறந்தன. ஒரு கையில் விறகுக் கட்டை தெரிந்தது. இன்னொரு கையில் உலக்கை. சிட்டு வாய்க் கசப்பு தாங்காமல் தண்ணீர்ச் சட்டியிடம் போனது. தலையைக் குனிந்தது. காலரின் விறைப்பான இரண்டு முனைகளும் சட்டி விளிம்பில் இடித்துச் சட்டி ஆடியது. சிட்டு மிரண்டு பின்னால் துள்ளியது.

"தண்ணியக் கண்டு பயப்படுது!" என்று முற்றமே சொன்னது.

நான் எழுதிய அறிகுறிகளில் ஒன்றுகூடப் பொய்க்கவில்லை. ஒரு நிருபனுக்கு வாழ்க்கையில் இப்படி ஒரு நிரூபணம் கிடைப்பது அபூர்வம்.

"எல்லாத்துக்கும் மேல ஒண்ணு எழுதியிருந்தீங்க தம்பி," என்றார் அண்ணாச்சி. சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னாலிருந்த கட்டையை எடுத்துக்கொண்டார். "நாயோட நடை உடை பாவனையில மாற்றம் தெரியும்னு. நாய்க்கு எங்க உடை மாறப் போவுதுன்னு அன்னைக்கே எனக்கு ஒரு சந்தேகம். இப்பல்லா தெரியுது!"

(நடை உடை பாவனை. வாக்கியம் ஓசையாக இருக்கட்டும் என்று போட்டது.)

கட்டைகள் முற்றத்துக்குள் இறங்கின. அப்போது மாமனார் எழுந்தார். நுரையையும் பார்த்தார், தன் குதிகாலையும் பார்த்தார். முகத்தில் ரத்தம் இல்லை. ஆனாலும் நொண்டிக்கொண்டே போய் சிட்டுவுக்கும் கட்டைகளுக்கும் நடுவில் நின்றார்.

"யாரும் கிட்ட வரக் கூடாது. இது எம்மவளுக்கு நான் என் கையால குடுத்த சீரு. இத அடிக்கணும்னா என்னை மொதல்ல அடிங்க."

"பெரியவரே, ஒங்க காலை அது நக்கியிருக்கு. மொதல்ல நீங்க வெலகுங்க. பச்சப் பிள்ளைவ இருக்க வளவு இது," என்றார் அண்ணாச்சி. கொடுமைக்காரர் இல்லை அவர். பயந்திருந்தார். அவருடைய மூன்று பிள்ளைகளும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இன்னும் ஒரு நிமிடம் போனால் யாராவது ஒருவர் கட்டையை ஓங்கியிருப்பார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஜன்னல் திட்டில் இருந்த சிரட்டையை எடுத்தேன்.

"எல்லாரும் பாருங்க. இதைத்தான் அது நக்கிச்சு. இது சோப்பும் வேப்பெண்ணெயும். நக்கினா யாருக்கும் நுரை வரும். நானே நக்கிக் காட்டறேன்."

இரண்டு விரலால் வழித்து வாயில் போட்டுக்கொண்டேன்.

அந்தச் சுவையை எழுத நான் பலமுறை முயன்றிருக்கிறேன். நாக்கு உள்ளுக்குள் ஓடி ஒளியப் பார்த்தது. காது இரண்டும் அடைத்துக்கொண்டன. கண்ணீர் கொட்டியது. சீவல் சோப்பு எச்சிலில் கரைந்து பொங்கி, நான் திட்டமிட்டபடியே நுரையாக வெளியே வந்தது. "பாத்தீங்களா" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ப்ளாஆ" என்று ஒரு சத்தமும் ஒரு கொத்து நுரையும் வந்தன. கட்டையோடு நின்றவர்களை நோக்கி இரண்டு அடி தள்ளாடினேன்.

"ஐயோ, தம்பிக்கும் வந்துட்டு!" என்று அலறினார் ஞானமுத்து அண்ணாச்சி.

முற்றம் காலியானது. அத்தனை கதவுகளும் அடைபட்ட சத்தத்தை நான் அதற்குப் பிறகு எந்தக் கலவரத்திலும் கேட்டதில்லை. உலக்கை ஒன்று தனியாக உருண்டு குழாயடியில் போய் நின்றது. கோமதி மட்டும் ஒரு செம்பு நிறையத் தண்ணீரோடு ஓடிவந்தாள்.

"கொப்புளிங்க! மொதல்ல கொப்புளிங்க!"

செம்பை வாங்கி வாயருகே கொண்டுபோனதும் வயிற்றைப் புரட்டியது. செம்பைத் தள்ளிவிட்டுக் குனிந்து குமட்டினேன். மூடிய ஜன்னலுக்குப் பின்னாலிருந்து அண்ணாச்சியின் குரல், பேப்பர் படிக்கும் அதே குரல், தெளிவாகக் கேட்டது.

"பாத்துக்கிடுங்க. இவியளும் தண்ணியக் கண்டு பயப்படுதாவ."

என் மாமனார் சிட்டுவைப் பிடித்துக்கொண்டு நின்றவர், மெதுவாகச் சிட்டுவையும் இழுத்துக்கொண்டு என்னைவிட்டு இரண்டு அடி தள்ளிப் போனார்.

கால்நடை டாக்டரை அழைத்து வந்தவரும் அண்ணாச்சிதான். பின்சுவர் ஏறிக் குதித்துப் போயிருக்கிறார். டாக்டர் வந்தபோது நான் குழாயடியில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தேன். அவர் என்னைத் தாண்டிச் சிட்டுவிடம் போனார். வாயைத் தொடாமல் எட்ட நின்றே மோந்து பார்த்தார். சிரட்டையை மோந்து பார்த்தார். கடைசியில் காலரைப் பார்த்தார்.

"இது என்ன?"

"காலர். நீங்க சொன்னீங்களே டாக்டர். அகலமா, விறைப்பா."

மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். "நான் சொன்னது புனல் மாதிரி சார். தலையைச் சுத்தி நிக்கணும். நாக்கு புண்ணுக்கு எட்டக் கூடாது. அவ்வளவுதான்."

"அதுக்குப் பேரா காலரு?" என்றார் மாமனார். "அப்ப பேண்டுன்னா என்னத்தப் போடுவீங்க?"

டாக்டர் சிரிக்கவில்லை. மாமனார் கொண்டுவந்த பனையோலைப் பெட்டியிலிருந்த கம்பைக் கொட்டச் சொன்னார். அடிப்பாகத்தைக் கத்தியால் அறுத்துவிட்டு, அகன்ற வாய் வெளியே பார்க்கும்படி சிட்டுவின் தலையில் மாட்டி, கயிற்றால் கழுத்தோடு கட்டினார். சிட்டு பின்னங்காலை நோக்கித் திரும்பியது. நாக்கு ஓலையைத்தான் நக்கியது. கொஞ்ச நேரம் முயன்று பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

"அப்ப வெறி இல்லைல்லா?" அண்ணாச்சி கேட்டார்.

"இந்த நுரை சோப்புதான். ஆனா சுவர் ஏறிக் குதிச்சு வெளிய போன நாய். எதுகிட்டயாவது கடிபட்டுச்சான்னு யாருக்குத் தெரியும்? கட்டிப் போட்டுப் பத்து நாள் கவனிங்க. பத்து நாளும் நல்லா இருந்துச்சுன்னா பயமில்லை. அதுவரைக்கும், திறந்த புண்ணுல நக்க விட்டவங்க பெரியாஸ்பத்திரியில ஊசி போட்டுக்கணும். எந்த நாயையும் நம்ம புண்ணை நக்க விடக் கூடாது."

எல்லோர் கண்ணும் ஒரு குதிகாலின் மேல் போய் நின்றது.

"ஊசியா? எங்கன?" என்றார் மாமனார்.

"வயித்துல. தொப்புளைச் சுத்தி."

"வயித்துலயா!" அவர் குரல் கீச்சென்று போனது. "நக்குனது கால்லல்லா டாக்டரே!"

கட்டைகளுக்கு எதிரே நின்ற மனிதர், அந்த இடத்திலேயே துவைகல்லில் உட்கார்ந்துவிட்டார். கோமதி போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, நொர தள்ளுனது ஒம்புருசன். ஊசி மட்டும் எனக்கா? அவிய போட்டா நானும் போடுதேன். இல்லைன்னா நான் பஸ் ஏறுதேன்."

துணைக்குத்தான் போகிறேன் என்று நினைத்துக்கொண்டுதான் நான் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். எங்களோடு ஞானமுத்து அண்ணாச்சியும் வந்திருந்தார். ஊசி போடும் அம்மா, "யாருக்கு?" என்று கேட்டதும், நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முன்னால் வந்துவிட்டார். "ரெண்டு பேருக்கும்தாம்மா. பெரியவர நாய் நக்கிச்சு. இவியளுக்கு நொரயே வந்துட்டு. நான் கண்ணால பாத்தேன்."

நான் சோப்பைப் பற்றிச் சொன்னேன். வேப்பெண்ணெயைப் பற்றிச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது நம்பும்படி இல்லை. அங்கிருந்த டாக்டர் என் கையைத் திருப்பிப் பார்த்தார். நாயைத் தூக்கிக்கொண்டு ஓடியதில் முழங்கை வரை நகக் கீறல்கள்.

"சட்டையைத் தூக்குங்க," என்றார்.

மாமனார் பத்து நாளும் எங்கள் ஒற்றை அறை வீட்டிலேயே தங்கினார். தினமும் காலையில் இருவரும் ஒன்றாக நடந்து போவோம். திரும்பும்போது வயிற்றைப் பிடித்தபடி குனிந்து வருவோம். வீங்கிய வயிற்றோடு பக்கத்துப் பக்கத்துப் பாயில் மல்லாந்து கிடப்போம். எதிரே பெட்டிக்குள் தலையை நீட்டியபடி சிட்டு படுத்திருக்கும். நாங்கள் அதை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருப்போம். அது கொட்டாவி விட்டால் இருவரும் எழுந்து உட்காருவோம். அது கம்பங்கூழை நக்கிக் குடித்தால் மாமனார், "நல்லாத்தான குடிக்கி?" என்று என்னிடம் கேட்பார். விடிந்ததும் அவர் முதலில் என் வாயைப் பார்ப்பார். நான் அவர் வாயைப் பார்ப்பேன். மாமனாரும் மருமகனும் இவ்வளவு அக்கறையாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்ட குடும்பம் வேறு இருக்க முடியாது.

கோமதி காலையும் மாலையும் உப்புத் தண்ணீரில் சிட்டுவின் காலைக் கழுவி மருந்து போட்டாள். அதே தண்ணீரில் மிச்சத்தை அப்பாவின் குதிகாலுக்கும் ஊற்றினாள். அவர் மறுக்கவில்லை. பத்தாம் நாள் கால்நடை டாக்டர் வந்து பார்த்துவிட்டு, நாய்க்கு ஒன்றுமில்லை என்றார். ஊசியை நிறுத்தினார்கள். அன்று சாயங்காலம் ஞானமுத்து அண்ணாச்சி எங்கள் வீட்டுக்கு வந்து, கட்டையை எடுத்ததற்காக மாமனாரிடம் வருத்தம் தெரிவித்தார். என்னைவிட்டுக் கொஞ்சம் எட்டியே உட்கார்ந்தார்.

நாகலாபுரம் பக்கத்தில் என் பெயர் இன்றும் பலருக்குத் தெரியாது. "நொர மாப்ள" என்று கேட்டால் வீடு காட்டுவார்கள். கல்யாணப் பந்தியில் நான் உட்கார்ந்தால் என் மைத்துனர்களில் ஒருவர் கட்டாயம் வந்து, "அத்தானுக்கு மொதல்ல தண்ணி வச்சுப் பாருங்கப்பா, குடிக்காவளான்னு" என்பார். பேரன்கள் பல் விளக்கும்போது பேஸ்ட் நுரையோடு வந்து என் முன்னால் நின்று "ப்ளாஆ" என்பார்கள். அவர்கள் யாரும் சிட்டுவைப் பார்த்தவர்கள் இல்லை.

சிட்டுவின் புண் மூன்று வாரத்தில் ஆறியது. அந்த இடத்தில் முடி முளைக்கவில்லை.